தண்டியடிகள் கட்டிய கயிறு



பங்குனிச் சதயத்தில் தண்டியடிகள் நாயனாரின் குருபூசை வருகிறது. அறுபத்துமூவர் வரலாற்றில் அவருடையது சிறியதுதான். எனினும் இந்நாட்டில் பிள்ளை வளர்க்கும் நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய ஓரிடம் அதில் உண்டு.

திருவாரூரிலே பிறவியிலேயே கண் காணாதவராகத் தோன்றிய அடிகள், குறுகிக் கிடந்த திருக்குளத்தைத் தோண்டிப் பெருக்க நினைந்தார். குளத்துள்ளே ஒரு தறியும் கரைமேல் ஒரு தறியும் நட்டு, இடையே கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தார் என்கிறார் சேக்கிழார் பெருமான். பின்னர் இறைவன் அவருக்குக் கண் கொடுத்ததையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். கண் பெறுமுன்னரே அவர் அடியார். தொண்டும் நடந்துகொண்டுதான் இருந்தது. பார்வை இல்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. அதனாலேயே கயிறு கட்ட முடிந்தது.

எமது ஆலயக் குடும்பங்களிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத பிள்ளை, மூன்று வயதாகியும் கதையாத பிள்ளை, வழக்கமான பாதை மாறினால் அழுது தீர்க்கும் பிள்ளை. பரிசோதிக்கவேண்டும் என்று பாடசாலை தந்த கடிதம் சுவாமி அறைத் தட்டிலே மாதக்கணக்காகக் கிடக்கிறது. வரிக் கணக்குகளோடு இவையும் எம்மிடம் வருவதனால் அறிவோம். குமரகுருபர சுவாமிகளும் ஐந்து வயதுவரை பேசவில்லையே என்பார்கள். மெய்தான். ஆனால் அவரைப் பெற்றவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் கதவைச் சாத்திக்கொண்டிருக்கவில்லை. பிள்ளையைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்ச் சந்நிதியிலே குறையைச் சொன்னார்கள்.

அக்காவின் கலியாணம் குழம்பும், ஊர் கதைக்கும், முன்வினை என்பார்கள் என்று அஞ்சுகிறோம். பிறர் வினையை நிறுக்கும் தராசைச் சித்தாந்தம் எவர் கையிலும் தரவில்லை. தாயைக் குறை சொல்வதும் நம்மவர் வழக்கம் மட்டுமன்று. 1950களிலும் 60களிலும் மேல்நாட்டு வைத்தியர் சிலரே தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று எழுதினார்கள். அது பிழையென்று தள்ளப்பட்டுவிட்டது. வீட்டில் தமிழ் கதைப்பதனாலும் ஓட்டிசம் வருவதில்லை. தமிழை விட்டுவிடாதீர்கள்.

படிவத்தில் பிள்ளையின் சிரமங்களைக் கேட்டால், "நல்ல பிள்ளை, கெட்டிக்காரன், ஒரு கரைச்சலும் இல்லை" என்று எழுதுகிறோம். பாசமும் கண்ணூறுப் பயமும் சேர்ந்து எழுதுவிக்கின்றன. வாசிக்கும் அதிகாரியோ உதவி தேவையில்லை என்று முடிவு செய்துவிடுகிறார். இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறான், எந்தெந்தச் சாப்பாட்டை மட்டும் தொடுகிறான், எத்தனை தரம் றோட்டுக்கு ஓடினான் என்பதை உள்ளபடி எழுதுங்கள். கெட்டித்தனத்தையும் எழுதுங்கள், அதுவும் உண்மைதானே.

இங்கிலாந்தின் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளூராட்சிச் சபையிடம் எழுதிக் கேட்கலாம். ஓட்டிசம் என்ற வைத்திய முடிவு கையில் இருந்தேயாகவேண்டும் என்பதில்லை. இருந்தால் வலு அதிகம். அதற்கான வரிசை பல இடங்களில் ஒரு வருடத்தையும் தாண்டுவதால், குடும்ப வைத்தியரிடமோ பாடசாலையிடமோ சொல்லி அதையும் கூடவே தொடங்குங்கள். மதிப்பிடுவதா இல்லையா என்று சபை 6 வாரத்துக்குள் சொல்லவேண்டும். திட்டம் தருவதாயின் கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள் முடிக்கவேண்டும். மறுத்தால் நியாயசபைக்கு மேன்முறையீடு செய்யலாம், கட்டணமில்லை. வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பத்து வயது அக்காவை இருத்தி, தம்பியின் குறையை அவள் வாயால் சொல்லவைக்க வேண்டாம்.

அடிகளை எள்ளியவர்கள் அவர் நட்ட தறிகளைப் பிடுங்கினார்கள் என்றும் புராணம் சொல்கிறது. தவிலும் மணியும் ஒலிக்கையில் காதைப் பொத்திக்கொண்டு கத்தும் பிள்ளையைப் பார்த்து, எமது மண்டபத்திலேயே "வளர்ப்புச் சரியில்லை" என்று யாரோ சொல்ல, அந்தத் தாய் அடுத்த வெள்ளி வருவதில்லை. பின்வாசலருகே அவர்களுக்கு இடம் விடுவோம். காதுக்கவசம் போட்டு வரும் பிள்ளையை உற்றுப் பார்க்கவேண்டாமென்று எங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லி வைப்போம்.

படிவம் நிரப்ப உதவி வேண்டுவோர் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் மண்டபத்துக்கு வரலாம். சொல்வது வெளியே போகாது. சபையின் கடிதத்தைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். மேன்முறையீட்டுக்கான இரண்டு மாதம் அதிலுள்ள திகதியிலிருந்தே எண்ணப்படும்.