புது ரகப் பழம் யாருக்குச் சொந்தம்?

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஒரு பழத்தை ஒருவர் சொந்தம் கொண்டாட முடியுமா? கடையில் காசு கொடுத்து வாங்கிய ஒரு பழத்தைச் சொல்லவில்லை. அந்த ரகத்தையே சொல்கிறேன். "இந்தச் செடி எங்கே முளைத்தாலும் என்னுடையது, என்னைக் கேட்காமல் யாரும் பயிர் செய்யக்கூடாது" என்று சொல்ல ஒரு மனிதருக்கோ நிறுவனத்துக்கோ உரிமை உண்டா?

பொறியியல் படிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். ஜொகூரில் வளர்ந்தவனுக்கு இது தூரத்துக் கேள்வி இல்லை. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலம் நம்முடையது. பொந்தியான் பக்கம் போனால் பெக்கான் நானாஸ் என்று ஊருக்கே அன்னாசியின் பெயர். 1957ல் அமைக்கப்பட்ட அன்னாசித் தொழில் வாரியத்தின் தலைமையகம் ஜொகூர் பாருவில் இருக்கிறது. என் பெரிய மாமா பொந்தியானில் நாலு ஏக்கர் கரிமண் நிலத்தில் அன்னாசி போடுகிறார். அவர் போடுவது ஜோசபின்.

ஜோசபின் என்றால் ஏதோ பெண் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். உண்மையில் அது 'ஜொகூர்', 'சரவாக்' என்ற இரண்டு அன்னாசி ரகங்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர். மார்டி எனும் அரசாங்க விவசாய ஆராய்ச்சிக் கழகம் அந்த இரண்டையும் கலந்து உருவாக்கி, 1996ல் விவசாயிகளுக்குக் கொடுத்த ரகம் இது. நல்ல வாசனை, நல்ல இனிப்பு.

இப்படி ஒரு ரகத்தை உருவாக்குவது எவ்வளவு வேலை தெரியுமா? அன்னாசி ஒரு விசித்திரமான செடி. ஒரு ரகத்தின் மகரந்தம் அதே ரகத்தின் பூவில் பட்டால் விதை பிடிக்காது. அதனால்தான் நாம் சாப்பிடும் அன்னாசியில் விதை இல்லை. புது ரகம் வேண்டுமென்றால், ஒரு ரகத்தின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு ரகத்தின் சின்னச் சின்னப் பூக்களில் மனிதக் கையால் வைக்க வேண்டும். அப்போதுதான் விதை வரும். ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி; ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி, ஒன்று போல் ஒன்று இருக்காது. விதையிலிருந்து வந்த செடி காய்க்கவே இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்த்து, காய்க்கும் வரை காத்திருந்து, ருசி பார்த்து, கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்வார்கள். அந்த ஒன்றைப் பக்கக் கன்றுகளால் பெருக்கி, பல இடங்களில் பல பருவங்களில் நட்டுப் பார்க்க வேண்டும். பத்து வருஷம் என்பது இதில் சாதாரணம்.

ஸ்ட்ராபெரியும் இப்படித்தான். கேமரன் மலையில் நாம் பறித்துச் சாப்பிடும் பெரிய ஸ்ட்ராபெரி, 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் இரண்டு அமெரிக்கக் காட்டு இனங்கள் கலந்து பிறந்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வணிக ரகத்துக்குப் பின்னாலும், மண்ணில் முட்டி போட்டு ஆயிரம் நாற்றில் ஒன்றைத் தேடிய யாரோ இருக்கிறார்கள்.

ஆக, உழைத்தவருக்குக் கூலி வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பத்து வருஷம் பாடுபட்டு ஒருவர் கண்டெடுத்த செடியை, அடுத்த நாளே ஒரு பெரிய நாற்றுப் பண்ணை லட்சக்கணக்கில் பெருக்கி விற்றால் அது அநியாயம். பாடுபட்டவர் ஒருத்தர், பலன் எடுப்பவர் இன்னொருத்தர் என்ற கதை நம் சமூகத்துக்குப் புதுசு இல்லை. நம் பாட்டன் பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களில் எந்த நிலம் அவர்கள் பெயரில் இருந்தது? அந்த வலி தெரிந்த நாம், ஆராய்ச்சி செய்தவரின் உழைப்பையும் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் கூலி வேறு, முழுச் சொந்தம் வேறு. இங்கேதான் நான் கொஞ்சம் நின்று யோசிக்கிறேன்.

ஜோசபினின் வம்சாவளியைப் பாருங்கள். அதன் ஒரு பெற்றோரான 'சரவாக்', ஸ்மூத் கயேன் என்ற பழைய ரகம். இன்னொரு பெற்றோரான 'ஜொகூர்', சிங்கப்பூர் ஸ்பானிஷ் ரகத்துக்கும் அதே ஸ்மூத் கயேனுக்கும் பிறந்த கலப்பு. கணக்குப் போட்டால் ஜோசபினில் சராசரியாக முக்கால் பங்கு ஸ்மூத் கயேன். அந்த ஸ்மூத் கயேன் எங்கிருந்து வந்தது? 1819ல் பெரோட்டே என்ற பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவின் கயேனிலிருந்து பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். அவர் உருவாக்கவில்லை, எடுத்துப்போனார். அதற்கும் முன்னால் எத்தனையோ தலைமுறைகளாக அன்னாசியைக் காட்டிலிருந்து வீட்டுக் கொல்லைக்குக் கொண்டுவந்து, பெரிய பழமாக, முள் குறைந்த இலையாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள் அங்குள்ள பழங்குடி மக்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பதிவிலும் இல்லை.

அப்படியென்றால் புது ரகத்தை உருவாக்கியவர் செய்தது என்ன? நீண்ட சங்கிலியில் கடைசி வளையத்தைக் கோர்த்தார். அது பெரிய வேலைதான். ஆனால் சங்கிலி முழுவதும் அவருடையது ஆகிவிடாது.

"தம்பி, நீ படிக்கிற படிப்பும் அப்படித்தானே? நியூட்டன் இல்லாம நீ என்ன கண்டுபிடிச்சிருவே?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாரும் முன்னோர் தோளில் நிற்கிறோம் என்பதற்காக யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் வடிவமைக்கும் ஒரு இயந்திரம் தானாகக் குட்டி போடாது. அன்னாசி போடும். என் மாமா பழத்தை அறுத்த பிறகும் அந்தச் செடியின் பக்கத்தில் கன்று வரும். அந்தக் கன்றை வளர்த்தது அவருடைய நிலமும், உரமும், முதுகுவலியும்தான். அதை அடுத்த பருவத்துக்கு நடுவதற்கும், பக்கத்து நிலத்துக்காரர் கேட்டால் கொடுப்பதற்கும் அவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

இதை மாமாவிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். "கன்னு கேட்டு வந்தவன இல்லன்னு எப்படிடா அனுப்புறது? நான் மொத மொத நட்டதே ஒரு சீனக் கிழவர் குடுத்த கன்னுதான்" என்றார். அவருக்கு அது ஒரு தத்துவம் இல்லை. பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரி ஒரு பழக்கம்.

நம் நாட்டுச் சட்டம் இந்தப் பழக்கத்தை மறக்கவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2004ஆம் ஆண்டின் புதிய தாவர ரகப் பாதுகாப்புச் சட்டம், புது ரகம் உருவாக்கியவருக்குப் பொதுவாக 20 வருஷம், மரங்களுக்கும் கொடிகளுக்கும் 25 வருஷம் உரிமை கொடுக்கிறது. அதே நேரத்தில், சிறு விவசாயி தன் நிலத்தில் அந்த ரகத்தைப் பெருக்கிக்கொள்ளலாம், சிறு விவசாயிகள் தங்களுக்குள் நியாயமான அளவில் கன்று பரிமாறிக்கொள்ளலாம் என்றும் விட்டுவைத்திருக்கிறது. விண்ணப்பிப்பவர் மூலச்செடி எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். இந்தியாவின் 2001ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், நிறுவனத்தின் பெயர் போட்டு விற்காத வரை, விவசாயி விதையைச் சேமிக்கலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம் என்கிறது.

சட்டம் இருந்தும் என்ன நடக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 2019ல் பெப்சிகோ நிறுவனம், தன் பெயரில் பதிவான உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிர் செய்ததாகச் சொல்லி குஜராத் விவசாயிகள் சிலர் மேல் வழக்குப் போட்டது. சிலரிடம் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. சில ஏக்கர் வைத்திருக்கிறவர் ஒரு கோடிக்கு எங்கே போவார்? நாடு முழுவதும் எதிர்ப்பு கிளம்ப, அதே ஆண்டு மே மாதம் வழக்குகளை வாபஸ் வாங்கிக்கொண்டது.

இது நமக்கும் வந்து சேரக்கூடிய விஷயம். 2022 நவம்பர் 29 முதல் மலேசியாவுக்கு நடைமுறைக்கு வந்த சி.பி.டி.பி.பி. வணிக ஒப்பந்தம், யுபோவ் 1991 என்ற சர்வதேச ஏற்பாட்டில் சேரச் சொல்கிறது. அது ரகம் உருவாக்கியவரின் கையை இன்னும் பலப்படுத்துவது; விவசாயிகளுக்கான விதிவிலக்கு அதில் குறுகியது. மாமா கன்று கொடுக்கும் பழக்கம் நாளைக்கு எந்தக் கணக்கில் வரும் என்பது இப்போதே பேச வேண்டிய விஷயம்.

சரி, சொந்தமே வேண்டாம், எல்லாம் எல்லாருக்கும் இலவசம் என்று சொல்லிவிடலாமா? அதுவும் சுலபமான பதில்தான், சரியான பதில் இல்லை. நம் மாநிலத்துப் பப்பாளியே சாட்சி. மார்டி 1987ல் கொடுத்த எக்ஸோட்டிகா பப்பாளியால் மலேசியா ஏற்றுமதியில் பெயர் வாங்கியது. 2003ன் கடைசியில் பத்து பகாட்டில் ஒரு பாக்டீரியா நோய் தலைகாட்டியது. நுனியிலிருந்து மரம் அழுகிச் சாகும். எக்ஸோட்டிகாவுக்கு அதைத் தாங்கும் சக்தி இல்லை. ஒரே ரகத்தை நம்பித் தோட்டம் தோட்டமாகப் போட்டவர்கள் மரங்களை வெட்டிப் போட வேண்டியதாயிற்று. அந்த மாதிரி நேரத்தில்தான் புது ரகம் உருவாக்குகிறவரின் அருமை தெரியும். நோய் வந்த பிறகு கூப்பிட்டால் அவரால் நாளைக்கே ஒன்றைக் கொடுக்க முடியாது. பத்து வருஷம் முன்பே யாராவது ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பிக்க யாராவது சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

அந்தச் சம்பளத்தைத் தனியார் நிறுவனம் மட்டுமே கொடுத்தால், எந்தப் பழம் விற்று லாபம் தருமோ அதைத்தான் அவர் தேடுவார். கப்பலில் மூன்று வாரம் கெடாமல் இருக்கும் பழம் கிடைக்கும். நாலு ஏக்கர் கரிமண்ணில் கடன் வாங்கிப் பயிர் செய்கிறவருக்கு ஏற்ற பழம் கிடைக்காமல் போகலாம். பொது மக்கள் வரிப் பணத்தில் ஆராய்ச்சி நடந்தால், ஜோசபின் மாதிரி ஒரு பழம் மாமா வரைக்கும் வந்து சேரும். இலவசக் கன்று என்று நாம் சொல்வது உண்மையில் இலவசம் இல்லை. நாம் எல்லாரும் சேர்ந்து முன்கூட்டியே காசு கட்டியிருக்கிறோம்.

நம் மரபு இதை எப்படிப் பார்க்கும்? பழம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது ஞானப்பழக் கதை. வெட்டிப் பங்கிட முடியாத ஒரே பழம். அதனால் போட்டி, அதனால் கோபம், அதனால் ஒரு பிள்ளை மலையேறிப் போய்விட்டான். இன்னொரு கதை அதியமான் நெல்லிக்கனி. ஆயுளை நீட்டிக்கும் அபூர்வக் கனி; கையில் கிடைத்தும் தான் சாப்பிடாமல் ஔவையாருக்குக் கொடுத்தான். இரண்டு கதையிலும் பழம் ஒன்றுதான், அதனால்தான் யாருக்கு என்ற கேள்வியே பெரிதாகிறது. புது ரகம் அப்படி இல்லை. என் கன்றை உனக்குக் கொடுத்தால் என்னிடம் குறையாது. பங்கிட முடிந்த ஒன்றைப் பங்கிட முடியாத ஞானப்பழமாக மாற்றுவது சட்டம்தான். அதைச் சில வருஷம், ஒரு காரணத்துக்காகச் செய்யலாம். காலத்துக்கும் செய்யக்கூடாது.

பிறக்கும்போதே நாம் தேவ கடன், ரிஷி கடன், பிதிர் கடன் என்று மூன்று கடனோடு பிறக்கிறோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சடங்கு சம்பந்தமான விஷயம் என்றுதான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பழத்தைப் பற்றிப் படித்தபோது வேறு மாதிரி பட்டது. மண்ணும் மழையும் கொடுத்தது ஒரு கடன். செடியின் அறிவியலைக் கண்டு சொன்னவர்களுக்கு ஒரு கடன். பெயர் தெரியாத பழங்குடித் தாய் தகப்பன்மார் காப்பாற்றிக் கொடுத்த செடிக்கு ஒரு கடன். புது ரகம் உருவாக்குகிறவர் உரிமையாளர் மட்டும் இல்லை, கடன்காரரும்தான். கடன்காரர் சம்பாதிக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சம்பாதித்ததில் திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இருக்கிறது.

அதனால் என் முடிவு இது. பெருக்கி விற்று வியாபாரம் செய்கிறவர், ரகம் கண்டவருக்குப் பணம் கொடுக்கட்டும், குறிப்பிட்ட காலத்துக்கு. தன் நிலத்தில் நடுகிறவரையும் அண்டை அயலுக்குக் கொடுக்கிறவரையும் சட்டம் தொடவேண்டாம். வரிப்பணத்தில் பிறந்த ரகம் மக்களிடமே இருக்கட்டும்.

இளைஞர்களாகிய நாம் என்ன செய்யலாம்? எஸ்.பி.எம். முடித்த தம்பி தங்கைகளிடம் மருத்துவம், பொறியியல், சட்டம் என்று மூன்றை மட்டும் சொல்லாமல், தாவர மரபியல் என்று ஒரு படிப்பு இருப்பதையும் சொல்வோம். தோட்டத்தில் பிறந்த சமூகத்திலிருந்து, செடிகளின் தலைவிதியை முடிவு செய்கிற இடத்தில் சிலராவது உட்கார வேண்டும். யுபோவ் பற்றி உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த முறை பாசார் மாலாமில் அன்னாசி வாங்கும்போது என்ன ரகம் என்று கேட்டு வாங்குங்கள். விற்கிறவருக்குத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.