காத்தமைக்கு நன்றி

டிசம்பர் 31ஆம் நாள் இரவு தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஆலயத்திற் கூடி, கழிந்த ஆண்டை எண்ணிப் பார்த்து, ஸ்தோத்திரக் காணிக்கை படைக்கின்றனர். மாண்டவர் பலரிருக்கத் தம்மைக் காத்தமைக்கு நன்றி கூறுகின்றனர். அங்ஙனமாயின் மாண்டவரைக் காவாது விட்டவர் யார்?

இதனை நாத்திகர் வினாவென்று தள்ளிவிடலாகாது. 1942-43இல் சயாம் இரயில் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலே மடிந்தனர். அங்கிருந்து மீண்டவன் ஒருவன், தேவன் தன்னைக் காத்தாரென்று சபைமுன் சாட்சி கூறுங்கால், மீளாதவனின் மனைவி அதே ஆலயத்தில் அமர்ந்திருப்பின் அவள் நெஞ்சு என்ன பாடுபடும்?

லூக்கா 18ஆம் அதிகாரத்துப் பரிசேயனும் நன்றிதான் கூறினான். தசமபாகமும் தவறாது கொடுத்தான். பிறரைப்போல் தான் இல்லையென்பதே அவனுடைய நன்றிக்குக் காரணம். இயேசு அவனை நீதிமானாகக் கொள்ளவில்லை. பிறர் கேட்டை அளவுகோலாகக் கொண்ட நன்றி செருக்கேயன்றோ?

நன்றியை விட்டொழிக்க வேண்டுமென்பது எம் கருத்தன்று. மாண்டவனுக்கும் தனக்கும் தகுதியில் வேற்றுமையில்லையென உணர்ந்தவன், எஞ்சிய வாழ்நாளைக் கடனாகவே கருதுவான். கடன் தீர்ப்பவன் தன் பெயரையும் தொகையையும் உரக்க வாசிக்கச் சொல்வானோ? சில சபைகளில் அவ்வழக்கம் உண்டு. ஏழையைத் தலைகுனிய வைக்கும் இரக்கமற்ற வழக்கம் அது. உறையின்மேல் பெயரெழுத வேண்டா. அவ்வாண்டில் துயருற்ற வீட்டாரின் அரிசிக்கும் பிள்ளைகளின் புத்தகங்களுக்கும் அப்பணம் முதலிற் செல்லட்டும். ஆலயச் சுவருக்கு அடுத்த ஆண்டு வண்ணம் பூசலாம்.