ஆர்வம் ஓய்ந்த நாளில்

சில மாதங்களுக்கு முன் என் மூத்த சகோதரியின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவர்களுடைய மகள் மூன்றாண்டுகளாக அரபு அழகெழுத்துப் பயின்று வந்தவள். நாணல் பேனாவைத் தானே சீவி, மையில் தோய்த்து அவள் எழுதிய ‘பிஸ்மில்லாஹ்’ அவ்வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. இம்முறை சென்றபோது அவளுடைய பேனாப்பெட்டி பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்தது. மைக்கூட்டில் மை காய்ந்து கட்டியாகியிருந்தது.

“ஏம்மா, இப்போது எழுதுவதில்லையா?” என்று கேட்டேன்.

“மனசு வரவில்லை மாமா. முன்பெல்லாம் எழுத உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது. இப்போது பேனாவைத் தொட்டாலே அலுப்பாக இருக்கிறது. மனசில்லாமல் அல்லாஹ்வின் வசனத்தை எழுதுவது நடிப்புத்தானே? அது முனாஃபிக்தனம் ஆகிவிடாதா?” என்றாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. காரணத்தை மறைப்பானேன்? நானும் இதே கலையைத் தொடங்கிக் கைவிட்டவன். மதரஸாவில் ஓதிய காலத்தில் எங்கள் ஹள்ரத் ஒருவர், அஸருக்குப் பின் நான்கைந்து மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்து வந்தார்கள். முதல் மாதம் முழுவதும் ‘அலிஃப்’ என்ற ஒரே எழுத்து. இரண்டாம் மாதம் ‘பா’. மூன்றாம் மாதத்தில் என் பொறுமை தீர்ந்துவிட்டது. “பரீட்சை முடியட்டும் ஹள்ரத், பிறகு வருகிறேன்” என்றேன். அந்தப் ‘பிறகு’ பதினைந்து ஆண்டுகளாகியும் வரவில்லை. ஆகவே அந்தப் பெண்ணின் கேள்வி என்னையும் நோக்கிய கேள்வியாகவே இருந்தது. கிதாபுகளைப் புரட்டிப் பார்த்து நான் கண்ட விடையை வாசக அன்பர்களுக்கும் சமர்ப்பிக்கிறேன். எழுத்து, தையல், பூவேலை, ஹிஃப்ளு, கிராஅத் என்று ஏதேனும் ஒன்றை ஆசையாய்த் தொடங்கி நடுவழியில் விட்டவர்கள் எந்த வீட்டில்தான் இல்லை?

முயற்சி வேறு, நடிப்பு வேறு

இக்கேள்விக்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஏறத்தாழ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கூறிச் சென்றுள்ளார்கள். ஹிஜ்ரி 505-ல் (கி.பி. 1111) மறைந்த அன்னார், ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் தம் பெருநூலில் நஃப்ஸைப் பயிற்றுவிக்கும் முறையை விளக்கும்போது எடுத்துக்கொண்ட உதாரணமே எழுத்துக் கலைஞர்தான்.

அழகாக எழுதும் ஆற்றல் தன் இயல்பாகவே ஆகிவிட வேண்டும் என்று விரும்புபவனுக்கு ஒரே வழிதான் உண்டு என்கிறார்கள் இமாமவர்கள். தேர்ந்த எழுத்தாளனின் கை செய்யும் செயலைத் தன் கையாலும் செய்ய வேண்டும். நெடுங்காலம், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் அது வலிந்து செய்வதாகத்தான் இருக்கும். அதற்கு ‘தகல்லுஃப்’ என்று பெயர். நாளடைவில் அதுவே உள்ளத்தில் ஊன்றி இயல்பாகிவிடும். முன்பு வலிந்து வந்த அழகு பிறகு தானாகவே வரும். பணிவு, கொடை, பொறுமை ஆகிய நற்குணங்களும் இவ்வாறே உண்டாகின்றன என்பது அன்னாரின் கருத்து.

இங்கே நுணுக்கமான ஒரு வேறுபாட்டை நாம் உணர வேண்டும். முனாஃபிக் என்பவன் தன்னிடம் இல்லாத ஒன்றை இருப்பதாக மனிதர்களுக்குக் காட்டுகிறான். அது தனக்கு வர வேண்டும் என்ற ஏக்கமும் அவனிடம் இல்லை. பார்ப்பவர் விலகிவிட்டால் அவன் செயலும் நின்றுவிடும். ஆர்வம் ஓய்ந்த நிலையிலும் ஒருவர் தனியறையில் அமர்ந்து, யாரும் பார்க்காத தாளில், யாரும் பாராட்டாத ஒரு வரியை எழுதுகிறார் என்றால் அவர் யாரை ஏமாற்றுகிறார்? அவர் தம்மிடம் இல்லாததை இருப்பதாகச் சொல்லவில்லை, இல்லாததைத் தேடுகிறார். தேடுபவரை நடிகர் என்று சொல்வது நியாயமாகாது.

ஆர்வம் இருந்தால்தான் அமல் செய்ய முடியும் என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலான நாட்களில் நடப்பது இதற்கு நேர்மாறானது. முதலில் கை அசைகிறது. உள்ளம் பின்னால் வருகிறது.

குறைவாயினும் நிலையானது

அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், அளவில் குறைந்ததாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்ற இந்த ஹதீஸ் நாம் பலமுறை கேட்டதுதான்.

ஆயினும் இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். ஒருமுறை பள்ளியில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதை நபியவர்கள் கண்டார்கள். அது அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் கயிறு என்றும், தொழுகையில் களைப்பு ஏற்படும்போது அதைப் பற்றிக்கொள்கிறார்கள் என்றும் சொல்லப்பட்டது. அதை அவிழ்த்துவிடும்படி கட்டளையிட்ட நபியவர்கள், உற்சாகம் உள்ளவரை தொழுதுவிட்டு, களைத்தால் அமர்ந்துகொள்ளுமாறு கூறினார்கள். ‘அப்படியானால் உற்சாகம் போனதும் விட்டுவிடலாம் என்றுதானே ஆகிறது?’ என்று ஒருவர் கேட்கலாம்.

கவனித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். நபியவர்கள் அவிழ்க்கச் சொன்னது கயிற்றைத்தான். தொழுகையைக் கைவிடச் சொல்லவில்லை. உடம்பு தாங்காத அளவுக்குச் சுமையை ஏற்றுவதைத்தான் தடுத்தார்கள். அளவை மீறுகிறவரே விரைவில் அடியோடு விட்டுவிடுகிறார். ஆகவே இவ்விரு ஹதீஸ்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. ஒன்று நிலைத்திருக்கச் சொல்கிறது; மற்றது நிலைத்திருக்கும் வழியைச் சொல்கிறது.

அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் வரலாறு இதற்குச் சான்றாகும். இளமையில் அவர்கள் நாள்தோறும் நோன்பு நோற்கவும், இரவெல்லாம் நின்று வணங்கவும் உறுதி பூண்டார்கள். மாதம் மூன்று நோன்பு போதும் என்றார்கள் நபியவர்கள். “அதைவிட அதிகம் என்னால் முடியும்” என்று அவர்கள் மீண்டும் மீண்டும் வேண்டிக்கொள்ளவே, கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் நோற்கும் தாவூத் நபி (அலை) அவர்களின் நோன்பு அனுமதிக்கப்பட்டது. முதுமையில் உடல் தளர்ந்தபோது, ‘நபியவர்கள் தந்த சலுகையை அன்றே ஏற்றிருக்கலாமே!’ என்று அவர்கள் வருந்தினார்கள். வருந்தினார்களே தவிர விட்டுவிடவில்லை. பலவீனமான நாட்களில் சில நோன்புகளை விட்டு, அவற்றை எண்ணி வைத்துக்கொண்டு, பின்னர் அதே கணக்கில் நோற்று வந்தார்கள். நபியவர்களைப் பிரிந்தபோது தாம் எந்த நிலையில் இருந்தார்களோ அதை விட்டுவிட அவர்களுக்கு மனம் இல்லை.

ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வேகம் உண்டு, ஒவ்வொரு வேகத்திற்கும் ஒரு தளர்ச்சி உண்டு என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அறிவிப்பவர்களும் இதே அப்துல்லாஹ் (ரலி) அவர்கள்தாம். தளர்ச்சி வருவதே குற்றம் என்று அதில் சொல்லப்படவில்லை. தளர்ந்த நேரத்தில் மனிதன் எந்தப் பக்கம் சாய்கிறான் என்பதுதான் பார்க்கப்படுகிறது.

ஹாமித் அவர்களின் பட்டறை

அழகெழுத்தின் வரலாறே இந்தப் பாடத்தைத்தான் போதிக்கிறது. பக்தாதில் பிறந்து கி.பி. 940-ல் மறைந்த இப்னு முக்லா, மூன்று அப்பாஸிய கலீஃபாக்களிடம் வஸீராக இருந்தவர். பேனாவின் முனை பதிக்கும் புள்ளியையே அளவுகோலாக்கி, ‘அலிஃப்’ இத்தனை புள்ளி உயரம், மற்ற எழுத்துகள் அதற்கு இன்ன விகிதம் என்று எழுத்துக்கு ஒழுங்கு வகுத்தவர். அரசியல் பகையில் அவருடைய வலக்கரம் துண்டிக்கப்பட்டது. துண்டித்த கையோடு பேனாவைக் கட்டிக்கொண்டு அவர் எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கையை இழந்தவர் எழுதினார். கை இருக்கும் நாம் மனசு வரவில்லை என்கிறோம்!

உதுமானிய நாட்டில் இக்கலையைக் கற்பித்த முறையும் அறியத் தக்கது. மாணவனுக்கு முதற்பாடமே ஒரு துஆதான்: ‘இறைவா, எளிதாக்குவாயாக, கடினமாக்காதே, நன்மையோடு நிறைவேற்றித் தருவாயாக’ என்ற பொருளுடைய வரி. ஆசிரியர் எழுதித் தந்ததைப் பார்த்து மாணவன் வீட்டில் எழுதி எழுதிப் பழகுவான். அடுத்த முறை வரும்போது ஆசிரியர் பிழைகளைத் திருத்துவார். திருந்தும்வரை அடுத்த பாடம் கிடையாது. துஆ முடிந்தால் தனி எழுத்துகள், அதன் பின் கூட்டெழுத்துகள், அதன் பின் வாக்கியங்கள். பல ஆண்டுகளுக்குப் பின்தான் இஜாஸத் கிடைக்கும். அதைப் பெற்ற பிறகே தன் எழுத்தின் கீழ் தன் பெயரைப் பொறிக்க மாணவனுக்கு உரிமை உண்டு. இஜாஸத் பெற்ற ஆசான்களும் பயிற்சியை விட்டதில்லை. ஒரே தாளில் எழுத்தின் மேல் எழுத்தாக எழுதித் தாளே கறுத்துப்போகும். எவரும் வாசிக்க முடியாத அந்தப் பயிற்சித் தாள்களைப் பிற்காலத்தார் பொக்கிஷமாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள்.

1928-ல் துருக்கியில் அரபு எழுத்து நீக்கப்பட்டு லத்தீன் எழுத்து சட்டமாக்கப்பட்டது. எழுத்தையே வாழ்வாகக் கொண்டவர்களின் பிழைப்பு ஒரே சட்டத்தில் போயிற்று. தியார்பக்ரில் 1891-ல் பிறந்த ஹாமித் ஐதாச் என்னும் கலைஞர் அப்போது இஸ்தான்பூலில் இருந்தார். அச்சு வேலையும் பெயர்ச்சீட்டு வேலையும் செய்து அவர் வயிற்றைக் கழுவினார். நாணல் பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. இக்கலைக்கு எதிர்காலம் உண்டு என்று அன்று யாரும் அவருக்கு உறுதி சொல்லியிருக்க முடியாது. ஆனால் பக்தாதிலிருந்து வந்த ஹாஷிம் முஹம்மத் அவரிடம் இஜாஸத் பெற்றுச் சென்றார். ஹஸன் செலபியும் அவரிடம் இஜாஸத் பெற்றார். 1982-ல் ஹாமித் மறைந்தார். ஹஸன் செலபி 2025-ல் மறையும்வரை பல நாட்டு மாணவர்களுக்கு அக்கலையைக் கற்றுக்கொடுத்து வந்தார். 2021-ல் யுனெஸ்கோ அரபு அழகெழுத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டறையில், ஆதரவு இல்லாத அந்த ஆண்டுகளில், மனசு வராத நாட்கள் எத்தனை இருந்திருக்கும்! அந்நாட்களில் பேனாவை வைத்துவிட்டிருந்தால் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கும்.

திரித்த நூலைப் பிரிப்பதா?

உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கிய ஒரு பெண்ணைப் போல ஆகிவிட வேண்டாம் என்று அல்லாஹுத்தஆலா அந்நஹ்ல் சூராவின் 92-வது வசனத்தில் எச்சரிக்கிறான். அது சத்தியங்களை முறிப்பது பற்றி வந்த வசனம்தான். ஆயினும் உழைப்பைத் தன் கையாலேயே வீணாக்குகிறவனுக்கும் அந்த உவமை ஒரு சாட்டையடி. குர்ஆனை மனனம் செய்தவர் அதைப் பேணாவிட்டால், கட்டவிழ்ந்த ஒட்டகத்தைப் போல அது போய்விடும் என்று நபியவர்கள் எச்சரித்ததை ஹாஃபிள்கள் அறிவார்கள். விடுபட்ட ஒருநாள் பெரிய நஷ்டமில்லை. ஆனால் ஒருநாள் சோம்பல் மறுநாள் சோம்பலை அழைத்துக்கொண்டு வரும் என்பதையும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

அதே நேரத்தில், ஒரு கலையில் மூழ்கி ஃபர்ளைத் தவறவிடுவதும், குழந்தை அழ, தாய் தகப்பன் கூப்பிடக் காது கேளாமல் இருப்பதும் விடாமுயற்சியாகாது. ‘நான் ஒருநாளும் விடாதவன்’ என்ற பெருமை உள்ளே புகுந்தால், ஆர்வம் ஓய்ந்த நிலையைவிட அது ஆபத்தானது. கால்மணி நேரம் போதும். ஃபஜ்ருக்குப் பின்னோ, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையிலோ, வீட்டு வேலை ஓய்ந்த ஒரு நேரத்திலோ, ஒரு வரி போதும். நல்ல நாளில் நாலு வரி எழுதட்டும். அலுத்த நாளில் ஓர் எழுத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். பேனாப்பெட்டி மட்டும் பீரோவின் மேல் ஏற வேண்டாம்.

இவற்றையெல்லாம் என் சகோதரி மகளுக்குக் கடிதமாக எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே வெட்கமாயிற்று. கடைத்தெருவுக்குப் போய் ஒரு மைப்புட்டி வாங்கினேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் விட்ட இடமான ‘ஜீம்’ எழுத்திலிருந்து தொடங்கலாம் என்று அமர்ந்தால், ‘அலிஃப்’ கூட நேராக வரவில்லை. மீண்டும் முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். என் ஹள்ரத் இன்றிருந்தால் சிரித்திருப்பார்கள்; திருத்தியும் தந்திருப்பார்கள்.

பத்து நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. ஒரே ஒரு தாள். அதில் வரிசை வரிசையாக ‘அலிஃப்’. முதல் வரிசைகளில் மை திட்டுத்திட்டாய்ப் பரவியிருந்தது, கை நடுங்கியிருந்தது. கடைசி வரிசையில் இரண்டு மூன்று எழுத்துகள் நன்றாக நிமிர்ந்து நின்றன.

எளிதாக்குபவன் அல்லாஹ். தொடங்கிய நற்செயல்களில் தளராது நிலைத்திருக்கவும், தளர்ந்தபோது அடியோடு விட்டுவிடாதிருக்கவும் நம் அனைவருக்கும் அந்த வல்ல ரஹ்மான் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.