புல்லுக்கு இறைக்கும் நீர்

புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் வாசலில் அருகம்புல்லைக் கட்டுக் கட்டாக விற்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிப் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம். அங்கிருந்து நாலு தெரு தள்ளி, ஏதோ ஒரு வீட்டுப் புல்தரையில் தோட்டக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதே அருகம்புல்லைக் களை என்று பிடுங்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருப்பார். அங்கே வளர வேண்டியது கொரியன் புல். அருகு, அழையாத விருந்தாளி.

கல்யாண வீட்டில் 'ஆல் போல் தழைத்து, அருகு போல் வேரோடி' என்று வாழ்த்துகிறோமே, அது இந்த அருகைத்தான். வேரோடச் சொல்லி வாழ்த்துகிறோம். நம் வீட்டுத் தரையில் வேரோடினால் கொத்தி எடுக்கிறோம்! இதில் இன்னொரு வேடிக்கை. நம்ம அருகம்புல்லுக்கு அமெரிக்காவில் 'பெர்முடா கிராஸ்' என்று பெயர். அங்கே அது பெரிய மனுஷன். அதன் கலப்பினங்களைத்தான் கோல்ஃப் மைதானங்களில் கம்பளம் மாதிரி வளர்க்கிறார்கள்.

ஆக, களை என்பது ஒரு செடியின் குணம் இல்லை. நாம் கொடுக்கும் தீர்ப்பு. எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்கிற உரிமை நிலத்துக்குப் பட்டா வாங்கியதும் நமக்கு வந்துவிடுகிறது. சரி, இருக்கட்டும். ஆனால் அந்த உரிமை எந்த எல்லை வரை? இதுதான் எனக்குள் ரொம்ப நாளாக ஓடும் கேள்வி.

சித்திரை பிறந்ததும் நர்சரிகளில் எல்லாரும் கேட்பது ஒன்றுதான். "புல்லு காயுதே, என்ன பண்றது?" நல்ல நர்சரிக்காரர் சில விஷயங்கள் சொல்வார். ஒட்ட வெட்டாதீங்க, கொஞ்சம் உயரமாவே விடுங்க, அப்பத்தான் வேருக்கு நிழல் கிடைக்கும். ஒரே தடவையில் மூணுல ஒரு பங்குக்கு மேல வெட்டாதீங்க. உச்சி வெயில்ல தண்ணி விடாதீங்க, விடியக்காலையில விடுங்க. கத்திரி முடியிற வரைக்கும் உரம் போடாதீங்க. எல்லாம் சரியான யோசனைதான். ஆனால் 'புல்லு எதுக்கு சார்?' என்று அவர் கேட்க மாட்டார். அவர் பிழைப்பு அது. அந்தக் கேள்வியை நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். மே மாத வெயிலில் புல் பச்சையாக இருக்க நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, தினமும் 465 லிட்டர். நகரத்தில் ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர் தரவேண்டும் என்று மத்திய அரசு வகுத்திருக்கும் அளவு 135 லிட்டர். அந்தப் புல்தரை ஏறக்குறைய மூன்றரை மனிதர்களின் பங்கைக் குடிக்கிறது! ஔவையார் காலத்தில் நெல்லுக்கு இறைத்ததில் மிச்சம்தான் புல்லுக்குப் போனது. இப்போது புல்லுக்கே நேரடி கனெக்‌ஷன்.

"என் போர், என் கரண்ட் பில். உங்களுக்கு என்ன சார்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி மாதிரித்தான் தெரியும். ஆனால் நிலத்தடியில் காம்பவுண்டுச் சுவர் கிடையாதே! நான் உறிஞ்சுவது என் மனைக்குக் கீழே இருக்கும் தண்ணீரை மட்டும் அல்ல. அதிலும் புதுச்சேரி கடலோர ஊர். நிலத்துக்குள் நல்ல தண்ணீர் நிற்கும் வரை உப்புத் தண்ணீர் வெளியே நிற்கும். அளவுக்கு மீறி இறைத்தால் கடல் உள்ளே நகர்ந்து வரும். ஒரு முறை உப்பு ஏறிய கிணறு லேசில் பழைய நிலைக்குத் திரும்பாது. என் வீட்டுப் பச்சைக்கு எதிர்ச்சாரியில் இருப்பவர் வீட்டுக் குடிநீர் விலையாகிறது. அவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. எனக்கும்தான்.

அதற்காக 'பிரயோஜனம் இல்லாதது எல்லாம் பாவம்' என்று சொல்ல வரவில்லை. அப்படிப் பார்த்தால் மல்லிகையும் பாவம், கோலமும் பாவம். அழகுக்குக் கொஞ்சம் செலவு பண்ணாத வாழ்க்கை என்ன வாழ்க்கை! வெளிநாட்டுச் செடி என்பதும் குற்றமில்லை. நம் குழம்பில் போடும் மிளகாயே கடல் தாண்டி வந்ததுதான். 1826-ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தாவரவியல் பூங்கா தொடங்கியதே, எந்தச் செடி இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று வைத்துப் பார்க்கத்தான். பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சள் சுவர்களில் பொங்கி வழிகிற காகிதப்பூவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. பூகன்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் பேரைச் சுமக்கிறது. தண்ணீரைக் குறைத்தால்தான் அது அதிகமாகப் பூக்கும். வெளியூர்க்காரர்தான், ஆனால் ஊர் நிலவரம் தெரிந்து நடந்துகொள்கிறார்.

புல்தரை பிறந்த ஊர் அப்படி இல்லை. இங்கிலாந்தில் வருஷம் பூராவும் தூறல். பச்சை அங்கே சும்மா கிடைக்கும். 'ஆடு மேய்க்கவும் வேண்டாம், கோதுமை விதைக்கவும் வேண்டாம், சும்மா போட்டுவைக்க இவ்வளவு நிலம் எனக்கு இருக்கிறது பார்' என்று பிரபுக்கள் காட்டிக்கொண்ட இடம் அது. 1830-ல் எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் எந்திரத்தைக் கண்டுபிடித்தார். துணி ஆலையில் துணியின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளைக் கத்தரிக்கும் எந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை. அதன் பிறகு நடுத்தர வர்க்கத்துக்கும் அந்த ஆசை தொற்றியது. நம் பாட்டிமார்களுக்கு வாசல் என்றால் பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்ட வெறும் மண். வாசலில் புல் முளைத்தால் 'அந்த வீட்ல ஆளே இல்லையா?' என்று கேட்பார்கள்.

புதுச்சேரியின் மழை வேறு தினுசு. வருஷத்துக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் பெய்தாலும், பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் பெய்து, தெருவில் படகு விட வேண்டியிருந்தது. அந்தத் தண்ணீரில் எவ்வளவு கடலுக்குப் போனது! ஆறு மாதம் கழித்துப் புல்லுக்காக அதே தண்ணீரை பூமிக்கு அடியில் தேடுகிறோம்.

மரக்கன்றுக்கும் தண்ணீர் விடத்தானே வேண்டும் என்பார்கள். விட வேண்டும்தான். 1968-ல் ஆரோவில் தொடங்கியபோது அது செம்மண் பொட்டல். கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றித்தான் அங்கே காடு வளர்த்தார்கள். ஆனால் கன்று இரண்டு மூன்று வருஷம் நம்மை அண்டியிருக்கும். பிறகு தன் காலில் நின்று நமக்கே நிழல் தரும். புல்தரைக்கு வயசே வராது. சாகும் வரை சங்கில் பால் ஊட்டணும்.

பாரதி பூங்கா புல்லைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அங்கே யாரும் வந்து உட்காரலாம், கடலை கொறிக்கலாம், துண்டை விரித்துத் தூங்கலாம். ஊருக்குப் பொதுவான பச்சை. வீட்டுக்காரரே கால் வைக்காத புல்தரைதான் எனக்குப் புரியவில்லை. அந்தப் பூங்காவின் நடுவில் வெள்ளையாக நிற்கிறதே ஆயி மண்டபம், அது யாருக்கு எழுப்பியது? ஆயி என்ற தாசியின் அழகான மாளிகையைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டாராம். விஷயம் தெரிந்ததும் கோபம் வந்து இடிக்கச் சொன்னார். 'நானே இடிக்கிறேன்' என்று அனுமதி கேட்டு, இடித்த இடத்தில் அவள் குளம் வெட்டினாளாம். முத்திரையர்பாளையத்துத் தண்ணீரைப் புதுச்சேரி நகருக்குக் கொண்டுவந்தபோது இந்தக் கதையைக் கேள்விப்பட்ட மூன்றாம் நெப்போலியன் மண்டபம் கட்டச் சொன்னார் என்பது ஊர் வழக்கு. ராஜா பகுதி கதையோ, நிஜமோ... அழகா தண்ணீரா என்று வந்தபோது ஒரு பெண் எடுத்த முடிவை ஊர் இன்னும் மறக்கவில்லை.

ஒரு நர்சரிக்காரரிடம் கேட்டேன். "மே மாசம் புல்லுக்குத் தண்ணியே விடலைன்னா என்ன ஆகும்?"

"பழுப்பாயிடும் சார். கொரியன் புல்லுன்னா அங்கங்க செத்துப்போகும். அருகா இருந்தா வேர் உசுரோட கிடக்கும். ஒரு மழை பேஞ்சா பழையபடி வந்துரும்."

"அது வரைக்கும் வீட்டுக்கு வர்றவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"மே மாசம்னு நினைப்பாங்க சார்."