எரிக்கப்படாத கலப்பை

வயலில் உழுதுகொண்டிருந்த எலிசாவின்மீது எலியா தம் போர்வையை வீசினார். எலிசா ஏர் மாடுகளை அடித்து, கலப்பை மரத்தையே விறகாக்கிச் சமைத்து, மக்களுக்கு விருந்திட்டுப் புறப்பட்டார். திரும்பி வர ஏதும் மிச்சமில்லை. பொதுப்பணிக்கு அழைக்கப்பட்டவன் தன் தொழிலை இப்படி எரித்துவிடத்தான் வேண்டுமா?

அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்து உழவர் ஜான் டெஸ்டர் எரிக்கவில்லை. பிக் சாண்டி என்னும் சிற்றூரையடுத்து அவருடைய பாட்டனார் குடியேறிய நிலம், ஏறத்தாழ 1,800 ஏக்கர். (நமக்கு அது ஜமீன், அந்த வறண்ட சமவெளியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு.) ஒன்பது வயதில், இறைச்சி அரைக்கும் இயந்திரத்தில் இடக்கையின் மூன்று விரல்களை இழந்தார். கிரேட் ஃபால்ஸ் நகரின் கத்தோலிக்கக் கல்லூரியில் இசை பயின்று, 1978இல் பட்டம் பெற்றுச் சில காலம் பள்ளியில் இசை கற்பித்தார், பின்னர் உழவு. 1998இல் மாநில மேலவைக்கும் 2006இல் நாட்டின் செனட் அவைக்கும் தேர்வானார். தலைநகரில் இருந்த காலத்திலும் பெரும்பாலான வார இறுதிகளில் ஊர் திரும்பி, துணைவியாரோடு நிலத்தில் உழைத்தார்.

இதில் பெருமை மட்டுமன்று, ஓர் அறச்சிக்கலும் உண்டு. 2010இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் விவாதத்துக்கு வந்தபோது, ஆண்டு விற்பனை ஐந்து லட்சம் டாலருக்குக் குறைந்து, பெரும்பகுதியை அண்டையிலுள்ளோருக்கே நேரடியாக விற்கும் சிறு பண்ணைகளுக்குச் சில விதிகளிலிருந்து விலக்குக் கோரித் திருத்தம் கொணர்ந்தார். அது நிறைவேறியது. கிருமிக்குப் பெரிய பண்ணை, சிறிய பண்ணை என்ற வேறுபாடு தெரியாது என்றனர் எதிர்த்தோர். உழவன் உழவனுக்குச் சலுகை வாங்கித் தருவது நீதியா, ஆள்பார்த்தலா?

பொருளுக்குத் தொடர்பில்லாத காரணத்துக்காக ஒருவருக்கு வழங்குவதே ஆள்பார்த்தல் என்பது புனித தோமா அக்குவினாஸ் தரும் அளவுகோல். இங்கே பண்ணையின் அளவு பொருளுக்குத் தொடர்புடையதே. பெருநிறுவனத்துக்குச் சில்லறைச் செலவான பதிவேடும் சோதனையும் சிறு உழவனின் ஆண்டு வருவாயை விழுங்கிவிடும். முன்மதி என்னும் நற்பண்பு பொதுவிதியை மட்டுமல்ல, தனித்தனி நிலைமைகளையும் அறிந்திருக்க வேண்டும் என்றும் அதே புனிதர் கூறுகிறார். அந்த அறிவு கலப்பை பிடித்த கைக்கு எளிதில் கிட்டுகிறது. ஆகவே நான் டெஸ்டர் பக்கமே சாய்கிறேன். ஆயினும், சிறு பண்ணைக் கீரையைத் தின்று நோயுறக்கூடிய குழந்தையை நினைக்கையில் என் சாய்வு முழுமையாவதில்லை.

2024 தேர்தலில் அவர் தோற்றார். பதவியிழந்தபின் போக்கிடமற்று அதைப் பற்றிக்கொண்டு தொங்குவோரை எந்த நாட்டிலும் காணலாம். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்குப் பிக் சாண்டியில் கோதுமை நிலம் காத்திருந்தது.