ஏழைப் பிள்ளையும் ஊர் எல்லையும்

ரமலான் நெருங்கும்போதெல்லாம் நம்மிடம் தவறாமல் கேட்கப்படும் மஸ்அலா ஒன்றுண்டு. ஓர் ஊரின் ஸகாத்தை வேறு ஊருக்கு அனுப்பலாமா என்பதே அது. ஷாஃபிஈ மத்ஹபின்படி, உள்ளூரிலேயே பெறத் தகுதியுடையோர் இருக்கும்போது வெளியூருக்குக் கொண்டுசெல்லுதல் கூடாது. ஹனஃபி மத்ஹபில் அது மக்ரூஹ். உறவினருக்கோ, இவ்வூராரைவிடக் கடும் தேவையுடையோருக்கோ அனுப்பினால் மக்ரூஹும் இல்லை. விடை இவ்வளவே. ஆனால் கேட்பவரின் உள்ளத்தில் இருப்பது வேறொரு கேள்வி என்றே நமக்குத் தோன்றுகிறது. பசித்திருக்கும் எந்தப் பிள்ளை என் பொறுப்பு? என் கண்ணில் படுகிற பிள்ளை மட்டுமா?

ஸகாத் ஃபர்ளு ஐன். செல்வர் ஒருவர் கணக்குப் பார்த்து, உரியவரிடம் சேர்த்துவிட்டால் அவர் கடமை தீர்ந்தது. அதில் ஐயமில்லை. ஆனால் ஸகாத்தாலும் பைத்துல்மாலாலும் ஏழையின் தேவை தீராதபோது பசித்தவனுக்கு உணவும், ஆடையற்றவனுக்கு ஆடையும் அளிப்பதை வசதி படைத்தோர்மீது ஃபர்ளு கிஃபாயாவாக இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜி'ல் எண்ணியிருக்கிறார்கள். இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். ஃபர்ளு ஐனில் 'கொடுத்தேனா?' என்று பார்த்தால் போதும். ஃபர்ளு கிஃபாயாவிலோ 'பிள்ளையின் வயிறு நிறைந்ததா?' என்று பார்க்க வேண்டும். நிறையவில்லையென்றால், தாம் கொடுத்ததைச் சொல்லி எவரும் தப்ப முடியாது. ஜனாஸா ஒன்று அடக்கப்படாமல் கிடந்தால் ஊர் முழுவதும் குற்றவாளியாவதை நாம் அறிவோம். அதே சட்டம் பட்டினிப் பிள்ளைக்கும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம்!

பிள்ளையின் வறுமை ரமலானில் மட்டும் வருவதன்று. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றும் தாய்மாரைப் பாருங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கிடைத்த இலை போதாவிட்டால் குறையைத் தாயே கடையில் வாங்கி நிரப்ப வேண்டும். சரியில்லை என்று கழிக்கப்படும் பீடிக்குக் கூலி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீடியின் தலை மடித்துக் கொடுக்கும் சிறுமி பள்ளிக்கு ஏன் போகவில்லை என்று கேட்பது எளிது. அவள் எழுந்து போனால் அன்றைய ஆயிரம் நிறையாது. இவ்வீட்டுக்கு ஆண்டுக்கொரு புடவையும் ஒரு படி அரிசியும் கொடுத்துவிட்டு, சிறுமியின் வறுமையைத் தீர்த்ததாக யார் சொல்ல இயலும்?

யமனுக்குப் பொறுப்பாளராக அனுப்பப்பட்ட முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வரலாறு இங்கே கவனிக்கற்பாலது. ஹலரத் உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அவர்கள் யமனின் ஸதகாவில் மூன்றில் ஒரு பங்கை மதீனாவுக்கு அனுப்பினார்கள். கலீஃபா மகிழவில்லை. அங்குள்ள செல்வரிடம் வாங்கி அங்குள்ள ஏழைக்கே கொடுக்கத்தானே உம்மை அனுப்பினோம் என்று கடிந்து கேட்டார்கள். வாங்குவார் ஒருவர் இருக்கும்வரை நான் எதையும் அனுப்பவில்லை என்று முஆத் (ரலி) விடை கூறினார்கள். அடுத்த ஆண்டு பாதி வந்தது. அதற்கடுத்த ஆண்டு முழுவதும் வந்தது. கேள்வியும் அதுவே, விடையும் அதுவே. இதை அபூ உபைத் (ரஹ்) தம் 'அம்வால்' நூலில் பதிந்திருக்கிறார்கள்.

உள்ளூருக்கே முன்னுரிமை என்பதற்கு இவ்வரலாற்றைச் சான்று காட்டுவர். மிச்சத்தை வெளியூருக்கு அனுப்பலாம் என்பதற்கும் இதையே காட்டுவர். இரண்டும் சரியே. நாமோ வேறொன்றைக் காண்கிறோம். வாங்குவார் இல்லை என்று சொல்ல வேண்டுமானால் வீடு வீடாகத் தேடிப் பார்த்திருக்க வேண்டுமன்றோ! நம் முத்தவல்லிகளில் எத்தனை பேர் அப்படிச் சொல்ல முடியும்? தம் மஹல்லாவில் தந்தையில்லாப் பிள்ளைகள் எத்தனை, பள்ளியை விட்டு நின்றவர் எத்தனை, முன்பணத்துக்காகப் பட்டறையில் விடப்பட்டவர் எத்தனை என்ற கணக்கு எந்த ஜமாஅத்தின் ஏட்டில் இருக்கிறது? சந்தா பாக்கி மட்டும் பைசா சுத்தமாக இருக்கிறது.

கணக்கெடுத்தால் அடுத்த உண்மையும் தெரியவரும். ஏழை மிகுந்த இடத்தில் செல்வர் இரார். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வாணிபத்தால் செல்வம் சேர்ந்தது. இராமநாதபுரத்தின் உட்புறத்தில் மழையை நம்பியிருக்கும் சிற்றூர் மஹல்லாவில் கொடுப்பவரே இல்லை, வாங்குபவர்தாம். அவ்வூரின் ஃபர்ளு கிஃபாயாவை யார் நிறைவேற்றுவது? அறிந்தவருக்கு இயலவில்லையென்றால், இயன்றவருக்கு அறிவிக்கப்பட வேண்டும். எனவே ஒரு வட்டாரத்து ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, ஒவ்வொன்றும் தன் கணக்கைக் கொண்டுவந்து வைத்து, மிகுந்ததை இல்லாத இடத்துக்கு அனுப்ப வேண்டும். ஷாஃபிஈகள் ஸகாத்தைப் பெயர்க்கத் தயங்கினால் ஸதகாவை அனுப்பட்டும். அதற்கு ஊர் எல்லையில்லை. அண்டை வீட்டு முஸ்லிமல்லாத பிள்ளைக்கும் அதிலிருந்து கொடுக்கலாம்.

இது நடவாத காரியமா? 1956இல் காமராசர் ஆட்சியில் பள்ளிகளில் பகல் உணவு தொடங்கியபோது ஊரார் அரிசியும் விறகும் திரட்டினர். பின்னர் அரசு பெரும்பங்கை ஏற்றது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் தொடக்கப் பள்ளிகளுக்குக் காலை உணவும் வந்தது. ஏழை யார், இல்லாதவர் யார் என்று பிரிக்காமல் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தியதே அதன் சிறப்பு என்போம். ஆனால் பள்ளி மூடியிருக்கும் மே மாதத்தில் அதே பிள்ளை எங்கே உண்கிறான்? அதை அத்தெருவார்தாம் அறிவர்.

மதீனாவில் வணிகக் கூட்டமொன்று இறங்கியிருந்த இரவில், காவலிருந்த உமர் (ரலி) குழந்தையொன்று ஓயாமல் அழுவதைக் கேட்டார்கள். பால் மறந்த பிள்ளைக்குத்தான் கலீஃபா உதவித்தொகை தருகிறார், ஆகவே அவசரமாகப் பால் மறக்கடிக்கிறேன் என்றாள், கேட்பவர் யாரென்று அறியாத தாய். விடிந்ததும் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் தொகை உண்டென்று அறிவித்து, எல்லா மாகாணங்களுக்கும் எழுதினார்கள். கேட்டது ஓர் அழுகை. மாறியது ஆட்சி முழுவதன் சட்டம். அந்தத் தாய்க்கு மட்டும் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாமே! சட்டமே குழந்தையை அழவைக்கிறது என்று கண்டபின் அவர்களால் அப்படிப் போக முடியவில்லை.

மாதந்தோறும் கொடுக்க ஸகாத்தில் இடமுண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நிஸாபை உடையவர் ஆண்டு நிறையுமுன்பே முன்கூட்டிச் செலுத்தலாம். அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். ஆகவே ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கும், மே மாதத்துச் சோற்றுக்கும் ரமலானை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. சிறுவர் ஸகாத்தைப் பொறுப்பாளர் கையில் கொடுக்கலாம். தாய் பொறுப்பாயிருந்தால் தாயிடமே.

ஷஅபானில் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடலாம். மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத்துக்கும், பெண்களுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமாவுக்கும் எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வருகிறது என்பது முன்னமே தெரியும். அவர்களைக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. பட்டியலை ஜும்ஆவில் மைக்கில் வாசிக்க வேண்டாம். நோட்டுப் புத்தகம் வாங்கும் பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுக்கவும் வேண்டாம். ஏடு முத்தவல்லியின் பெட்டியில் இருக்கட்டும். வட்டாரக் கூட்டத்துக்குப் பெயர்கள் தேவையில்லை, எண்ணிக்கை போதும்.