திருகு இல்லாத ரேடியோ

1945 டிசம்பரில், உலகப்போரின் புகை அடங்குவதற்குள், அமெரிக்காவில் ஃபார் ஈஸ்ட் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1948 ஜூன் 4 அன்று மணிலாவிலிருந்து அதன் முதல் ஒலிபரப்பு காற்றில் ஏறியது. பிலிப்பைன்ஸின் குக்கிராமத்து ஏழைகள் ரேடியோவுக்கு எங்கே போவார்கள்? நிறுவனமே ரேடியோக்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் கொடுத்தது. ஆனால் அவற்றில் ஸ்டேஷன் மாற்ற வழி கிடையாது. போட்டால் ஒரே நிலையம், கொடுத்தவரின் நிலையம். தென் அமெரிக்காவின் ஈக்வடோரிலும் மிஷனரி வானொலி இதே வகை ரேடியோக்களைப் பரப்பியது.

நல்லெண்ணத்தில்தான் செய்தார்கள். எந்தக் குரலும் எட்டாத ஊருக்கு ஒரு குரலாவது போய்ச் சேர்ந்ததே என்று அவர்கள் சொல்லலாம். அதை மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: தன் செய்தி உண்மை என்று உறுதியாக நம்புகிறவர், கேட்பவர் கையிலிருந்து திருகை ஏன் எடுக்க வேண்டும்? நூறு குரல்களுக்கு நடுவே ஒலித்தாலும் உண்மை உண்மைதானே!

வட கொரியாவில் ரேடியோ வாங்கினால் அது அரசு நிலையத்துக்குப் பூட்டப்பட்டே வரும். அதைப் பிரித்து மாற்றுவது குற்றம். வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்டுப் பிடிபட்டால் தண்டனை. அந்த நாட்டு மக்களுக்கும் ஒலிபரப்புகிறது, அதே ஃபார் ஈஸ்ட் நிறுவனத்தின் கொரியக் கிளை. 1973 முதல் ஜேஜு தீவிலிருந்து 250 கிலோவாட் மத்திய அலையில் அதன் குரல் எல்லை தாண்டிப் போகிறது. பூட்டை உடைத்து, ஒலியைக் குறைத்து, அக்கம்பக்கத்துக்கு அஞ்சி அங்கே ஒருவர் பிரசங்கம் கேட்கிறார் என்றால் பகுத்தறிவாளன் அவர் பக்கம்தான் நிற்க வேண்டும். அவர் கேட்பதில் ஒரு வார்த்தையைக்கூட நான் ஏற்கப் போவதில்லை. ஆனால் அதைக் கேட்க அவருக்குள்ள உரிமையில் அணுவளவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதே அளவுகோலைத் திருப்பி வைத்தும் பார்க்க வேண்டுமல்லவா? பியோங்யாங்கில் வட கொரிய அரசு பூட்டினால் கொடுங்கோன்மை, சபை பூட்டினால் ஊழியம் என்று எப்படிச் சொல்வது? பூட்டியவர் யார் என்பதை வைத்துப் பூட்டின் குணம் மாறிவிடாது.

எங்கள் வானொலி இத்தனை நாடுகளுக்கு எட்டுகிறதே, இதுவே இறைவனின் கருணைக்கும் எங்கள் செய்தியின் உண்மைக்கும் சான்று என்பது மிஷனரிகள் வழக்கமாகச் சொல்லும் வாதம். ஈக்வடோரின் கீட்டோ நகரத்துக் கதை இதற்கு நல்ல பதில். 1931 கிறிஸ்துமஸ் நாளில் கிளாரன்ஸ் ஜோன்ஸ் என்ற மிஷனரி அங்கே எச்.சி.ஜே.பி. வானொலியை மிகக் குறைந்த ஆற்றலில் தொடங்கினார். ஆற்றல் கூடக் கூட ஒரு தொல்லை வந்தது. கீட்டோ சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர்; காற்று மெலிந்திருக்கும். ஆன்டெனாக் கம்பிகளின் நுனியில் மின்சாரம் காற்றைக் கிழித்துப் பொறியாகக் கிளம்பியது. நுனிகள் உருகிப் போயின. அங்கே பணியாற்றிய பொறியாளர் கிளாரன்ஸ் மூர் 1942இல் கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போனார். மூங்கில் வீட்டின் தரையெங்கும் பொறியியல் நூல்களை விரித்துப் போட்டு மணிக்கணக்கில் கணக்குப் போட்டார். நுனியில்தானே தொல்லை? நுனியே இல்லாத ஆன்டெனாவை அமைத்தால் என்ன? கம்பியை மூடிய சதுரமாக வளைத்தார். பொறி நின்றது. ‘குவாட்’ என்ற பெயரில் அந்த அமைப்பை உலகெங்கும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

மூர் பிரார்த்தனையும் செய்தவர். அது கேட்கப்பட்டது என்றும் நம்பினார். அது அவர் நம்பிக்கை. விடை வந்த வழியோ நூலும் கணக்கும். அந்தச் சதுரத்தை நாத்திகன் கட்டினாலும் அதே அளவுதான் வேலை செய்யும்.

கருவி யார் கையிலும் ஒன்றுபோலவே வேலை செய்யும் என்பதை எத்தியோப்பியா இன்னும் தெளிவாகக் காட்டியது. 1963 பிப்ரவரி 26 அன்று அடிஸ் அபாபாவில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பு ‘ரேடியோ வாய்ஸ் ஆஃப் தி காஸ்பல்’ நிலையத்தைத் திறந்தது. நூறு கிலோவாட் சிற்றலைக் கருவிகள் இரண்டு. ஆப்பிரிக்க, ஆசிய மொழிகள் பலவற்றில் ஒலிபரப்பு. தமிழும் அவற்றில் ஒன்று. 1977 மார்ச் 12 அன்று ராணுவ ஆட்சி நிலையத்தைக் கைப்பற்றியது. நேற்றுவரை சுவிசேஷம் சொன்ன கருவிகள் மறுநாள் முதல் புரட்சி அரசின் புகழ் பாடின. எட்டும் தூரம் உண்மைக்குச் சான்று என்றால், அந்தச் சர்வாதிகாரிகளும் உண்மையாளர்கள் ஆகிவிடுவார்கள்!

ஆனால் அதே அடிஸ் அபாபா நிலையத்தை நான் மதிக்கிறேன். நிகழ்ச்சிகளில் முப்பது சதவீதம்தான் மதப் பிரசாரம். மீதி எழுபதும் செய்தி, கல்வி, சுகாதாரம், வேளாண்மை என்று கொள்கையாகவே வகுத்துக்கொண்டார்கள். இயேசுவை ஏற்காத விவசாயிக்கும் அந்த எழுபது பயன்பட்டது. வத்திக்கான் வானொலி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போர்க் கைதிகளையும் காணாமல் போனவர்களையும் பற்றிப் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை வாசித்தது. எங்கோ ஒரு தாய் தன் மகன் பெயர் வருமா என்று காத்திருந்தாள். பெயர் காதில் விழ அவளுக்கு ஞானஸ்நானம் தேவைப்படவில்லை. 1986 பிப்ரவரியில் மணிலாவின் கத்தோலிக்க வானொலியான ரேடியோ வெரித்தாஸ், மார்க்கோஸ் ஆட்சியின் தேர்தல் மோசடியை அறிவித்து மக்களைத் தெருவுக்கு அழைத்தது. அந்த ஆண்டு மக்சேசே விருதும் பெற்றது.

இந்த மூன்றிலிருந்தும் மதத்தைக் கழித்துப் பாருங்கள். மகன் உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி அப்படியே நிற்கும். தேர்தல் மோசடி மோசடியாகவே நிற்கும். மதத்தைக் கழித்த பிறகும் எது நிற்கிறதோ, அதுதான் அறம். நம்பிக்கை இருந்தால் மட்டுமே நிற்கக்கூடியது பிரசாரம். சொல்ல உரிமை உண்டு, நன்மை என்று பெயர் சூட்ட உரிமை இல்லை.

நாமும் இந்த அலைகளுக்குள்தான் இருக்கிறோம். இலங்கையின் புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 882 கிலோஹெர்ட்ஸில் தமிழகத்துக்கு ஒலிபரப்பி வந்திருக்கிறது. வெரித்தாஸின் தமிழ்ச் சிற்றலை 2018 வரை பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் சாட்சிக் கடிதம் வாசிப்பார்கள்: ஜெபித்தேன், கட்டி கரைந்தது. ஜெபித்தும் கரையாதவரின் கடிதம் எங்கே? ஜெபத்தை நம்பி மருந்தை நிறுத்தியவரின் வீட்டார் எழுதினால் அதை யார் வாசிப்பார்கள்? வென்றவரை மட்டும் கூண்டில் ஏற்றும் நீதிமன்றத்தில் எந்த மதமும் தோற்காது. கிறிஸ்தவ வானொலிக்குச் சொல்வது இந்து பக்தி சேனலுக்கும் இஸ்லாமிய ஒலிபரப்புக்கும் ஒரு எழுத்துக் குறையாமல் பொருந்தும்.

‘இவற்றைத் தடை செய்’ என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தடை என்பது அடிஸ் அபாபாவின் ராணுவம் செய்தது. பியோங்யாங் இன்றும் செய்வது. நம் கோரிக்கை வேறாக இருக்கட்டும். ஒலிபரப்புகிறவர்களே, குணமாகாதவரின் கடிதத்தையும் வாசியுங்கள். மறுப்பவரை அழைத்து அரை மணி நேரம் பேச விடுங்கள். அதற்குத் துணிவில்லை என்றால் உங்கள் நம்பிக்கையில் உங்களுக்கே நம்பிக்கை இல்லை.

பகுத்தறிவாளர்களுக்கும் ஒரு சொல். கடவுள் இல்லை என்ற பேச்சை மட்டுமே கேட்டு வளரும் பிள்ளை பகுத்தறிவு பெற்றதாகாது. அப்பாவின் முடிவை மனப்பாடம் செய்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் ஏற்காத கருத்தை, அதை நம்புகிறவர் வாயாலேயே உங்கள் பிள்ளை கேட்கட்டும். கேட்டுவிட்டு உங்களையும் எதிர்த்துக் கேள்வி கேட்கட்டும். அந்தக் கேள்வியைத் தாங்க முடியாத எந்தக் கொள்கையும், என்னுடையது உட்பட, ஒரு பிள்ளையின் மனத்தில் இடம் கேட்கத் தகுதியற்றது.